பழுது வராத நாள்

2019ஆம் ஆண்டு ஜூலை மூன்றாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பது. மும்பை செம்பூரில் இரண்டு நாளாக விடாமல் பெய்த மழை அப்போதுதான் தூறலாகக் குறைந்திருந்தது. கூடத்தில், சமையலறைச் சுவரை ஒட்டிய கருங்கல் பலகைமேல் இருந்த சர்வர் பெட்டி மூன்று முறை கூவியது. அதன் முகப்பில் எப்போதும் பச்சையாக எரியும் இரண்டு விளக்குகளில் ஒன்று சிவப்பானது. என் கைப்பேசியில் செய்தி வந்தது: இரண்டாவது டிஸ்க்கைக் காணவில்லை.

எனக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. சும்மாவே எதையாவது எண்ணிக்கொண்டும் எதற்காவது பயந்துகொண்டும் இருப்பவன். நாற்காலியில் உட்கார்ந்து நாடியை எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது என் அண்ணாவின் குரல். மாதுங்காவிலும் செம்பூரிலும் இருபத்திரண்டு வருஷம் பஜனை நடத்தியவர் அண்ணா. அவர் பாட, எதிரில் உட்கார்ந்து டேப் ரிக்கார்டரை அமுக்குவது என் வேலை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கேசட். அண்ணா போன பிறகு நான்கு வருஷம் செலவழித்து ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கணினியில் ஏற்றினேன். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்ததால் ஏற்றி முடித்ததும் மூட்டை கட்டிப் பழைய சாமான்காரனிடம் போட்டாயிற்று. பெங்களூரில் இருக்கும் மகன் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். "உள்ள ரெண்டு டிஸ்க் இருக்குப்பா. ஒண்ணுல எழுதறது இன்னொண்ணுலயும் தானே எழுதிக்கும். ஒண்ணு போனாலும் பயமில்லை" என்றான். அன்று முதல் எனக்கு ஒரு பயத்துக்குப் பதிலாக இரண்டு பயம்.

"டெலிபோன் மாமிக்கு போன் பண்ணுங்கோ" என்றாள் என் மனைவி.

மூன்றாம் மாடி அம்மாளைக் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பழுது பார்க்கும் பிரிவில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமான உருவம். மூக்குக் கண்ணாடி ஒரு கறுப்புக் கயிற்றில் கழுத்திலிருந்து தொங்கும். வீட்டுச் சாவிக் கொத்தோடு மஞ்சள் பிடி போட்ட டெஸ்டர் ஒன்றும் எப்போதும் கையில் இருக்கும். கெட்டுப்போன எந்தச் சாமானையும் அவர் உடனே தொட மாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி என்று என் மனைவி சொல்வாள்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மாடிப்படி விளக்கு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. சொசைட்டி செயலாளர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவன் பல்பு, ஹோல்டர், ஸ்விட்ச், வயர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு பில் எழுதும்போது இந்த அம்மாள் மேலிருந்து இறங்கி வந்தார்.

"எது கெட்டுப்போயிருந்தது?"

"அது தெரியாது மேடம். எல்லாமே புதுசாப் போட்டாச்சே."

"தெரியாதா? அப்போ பழசை எல்லாம் திருப்பிப் போடு."

திருப்பிப் போட வைத்தார். பிறகு பல்பை மட்டும் மாற்றச் சொன்னார். இரண்டு நாள் காத்திருந்தார். ஹோல்டரை மாற்றச் சொன்னார். மறுபடி இரண்டு நாள். கட்டடம் முழுவதும் டார்ச் பிடித்துக்கொண்டு, அவரைத் திட்டிக்கொண்டே படியேறியது. ஐந்தாம் நாள் ஸ்விட்ச்தான் என்று தெரிந்தது. "ஒரு தடவைக்கு ஒண்ணு. நாலையும் சேர்த்து மாத்தினா விளக்கு எரியும். ஆனா நமக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார். விளக்கு எரிந்தால் போதாதா என்று செயலாளர் கேட்டார். அப்படி ஒரு கேள்வி இருக்க முடியும் என்பதே அந்த அம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்த மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

சாம்பார்ப் பொடியிலும் இதே கதை. ருசி சரியில்லை என்றால் இந்த மாதம் மிளகாய் மட்டும் குறையும். தனியாவைத் தொடுவது அடுத்த மாதம்தான். அவருடைய கணவர் சாது. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பேப்பர் இரவல் வாங்க என்னிடம் வருவார். ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னையும் அப்படித்தான் மாத்திண்டிருக்கா சார். ஒரு தடவைக்கு ஒண்ணு. இன்னும் பாதிகூட முடியலை."

என் பெட்டி சிவப்பு காட்டிய அன்று அந்த அம்மாள் ஊரில் இல்லை. மும்பைக்கு அப்பால் கல்யாணில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நான் வர வரைக்கும் தொடாதேங்கோ. எப்பெப்போ விழறதுன்னு மட்டும் எழுதி வையுங்கோ."

எழுதுவதற்கு எனக்குச் சொல்ல வேண்டுமா? பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டால் விளக்கு பச்சையாகும். சில நாளில் மறுபடி சிவப்பு. தேதி, மணி, மழை, வெயில், அப்போது லிஃப்ட் ஓடியதா, ஹார்பர் லைனில் வண்டி போன சத்தம் கேட்டதா, கடலில் ஓதம் ஏறியிருந்ததா எல்லாம் எழுதினேன். ஜூலை 3, 6, 9, 14. எதோடும் எதுவும் ஒட்டவில்லை.

பதினைந்தாம் தேதி என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர்.

"ஐயா, சிவப்பு லைட்டு வந்த டிஸ்க்க இன்னும் வீட்ல வச்சுக்கிட்டா இருக்கிய? அது போயிருச்சு. களத்திக் கொண்டாங்க, புதுசு தாரேன். பழசுக்கு ஐநூறு களிச்சுக்கிடுதேன். என்னயக் கேட்டா பொட்டியோட மாத்திரணும். எல்லாம் சேத்து முப்பத்தி நாலாயிரம் ஆவும். பெறவு நிம்மதியா இருக்கலாம் பாத்துக்கிடுங்க."

நிம்மதி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றி ஒரு கைத்துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில், கல்யாணிலிருந்து திரும்பி, பையும் குடையுமாக அந்த அம்மாள் ஏறி வந்துகொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"பையில என்ன மாமா?"

சொன்னேன்.

"வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"இன்னொரு டிஸ்க்ல இருக்கே. அது பச்சையாத்தான் எரியறது."

"அது காப்பி இல்ல. ஒரே வீட்டுக்கு ரெண்டு சாவி. வீடு ஒண்ணுதான். திரும்புங்கோ."

திரும்பினேன்.

அவர் வந்து எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மனைவி காபி கொண்டுவந்தாள், சர்க்கரை இல்லாமல். அதையும் அவர் மாதத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறைத்துத்தான் நிறுத்தியிருந்தார். டிஸ்க் இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இருந்ததால் அடையாளம் வேண்டும் என்றார். மனைவி பூஜை அலமாரியிலிருந்து கிண்ணங்களைக் கொண்டுவந்தாள். என் பையிலிருந்த, பழி சுமந்த டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் குங்குமப் பொட்டு. பெட்டியில் சமர்த்தாக இருந்ததற்குச் சந்தனப் பொட்டு.

மறுநாள் ஒரு வெளி டிஸ்க் வாங்கிவரச் சொல்லி, சந்தனத்தில் இருந்ததையெல்லாம் அதில் நகலெடுக்க வைத்தார். வேறு எதையும் தொடவில்லை. மாலையில் நகலெடுப்பது முடிந்தது. நானூற்று ஒன்று வந்திருந்தது. பதினொன்று வரவில்லை. படிக்க முடியவில்லை என்று அந்தப் பதினொன்றின் பெயரும் வரிசையாகத் திரையில் வந்தது. எல்லாம் 1991ஆம் வருஷத்து ராதா கல்யாணம். அண்ணாவின் தொண்டை கம்பி மாதிரி இருந்த வருஷம்.

"பச்சை விளக்குதானே எரிஞ்சுது!" என்று கத்தினேன்.

"எரியட்டும். எல்லாரும் வலிக்கறதுன்னு சொல்லிண்டா இருக்கா?" என்றார் அந்த அம்மாள். "இப்போ அந்தப் பதினொண்ணு இருந்தா, நீங்க ஐநூறு ரூபாய்க்குப் போடப் போன குங்குமத்துலதான் இருக்கணும்."

கைத்துண்டைப் பிரித்துக் குங்குமத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

குங்குமத்தைப் பெட்டியில் பழைய இடத்திலேயே சொருகினார். பெட்டி உடனே அதை நம்பாது. வெளியே போய்வந்த டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை சரிபார்க்கும். முடிந்த பிறகுதான் அதிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்கும். பெட்டி பழையது, டிஸ்க் பெரியது. ஐந்து நாளும் சில மணி நேரமும் ஆகும் என்று காட்டியது. குங்குமமோ பெரும்பாலும் மூன்று நாளுக்கு மேல் நின்றதில்லை. நடுவில் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

பதினேழாம் தேதி விழுந்தது. அந்த அம்மாள் பெட்டியின் பிளக்கை வேறு சாக்கெட்டில் மாட்டினார்.

"அப்படியே அடாப்டரையும் மாத்திடுங்கோளேன்" என்று கெஞ்சினேன். "ஒவ்வொரு தடவை விழும்போதும் அதோட உயிர் குறையாதா? அந்தப் பதினொண்ணு போயிடுத்துன்னா?"

"குறையும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டையும் மாத்தி, அதுவும் விழுந்துதுன்னா? எங்க தேடறது?"

இருபதாம் தேதி விழுந்தது. அடாப்டரை மாற்றினார். இருபத்து மூன்றில் விழுந்தது. சூடாக இருக்கலாம் என்று ஒரு சின்ன மின்விசிறியை எதிரில் வைத்தார். இருபத்தாறில் விழுந்தது. விசிறி அப்படியே இருக்கட்டும் என்றார். நான் அந்தப் பலகைக்கு எதிரிலேயே சாப்பிட்டேன், எதிரிலேயே தூங்கினேன். எடை மூன்று கிலோ குறைந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை அவர் கணவர் பேப்பர் வாங்க வந்தபோது தாழ்ந்த குரலில் சொன்னார்: "டாக்டர் இவளுக்கு மூணு மாத்திரை எழுதியிருக்கார். வாரத்துக்கு ஒண்ணாத்தான் ஆரம்பிப்பேங்கறா. எது என்ன பண்றதுன்னு தெரிய வேண்டாமாங்கறா. நீங்க கொஞ்சம் சொல்லுங்கோ சார்."

அன்றே சொன்னேன். "உடம்பு ஒண்ணும் டிஸ்க் இல்லை. நகல் எடுத்து வெச்சுக்க முடியாது."

"அதனாலதான் ஜாக்கிரதையாப் பாக்கறேன் மாமா" என்றார். நான் பெட்டியின் விளக்கைப் பார்க்கத் திரும்பினேன். என் பதினொன்றும் அவர் கையில் இருந்தது.

இந்தத் தடவை குங்குமம் நின்றது. இருபத்தொன்பதாம் தேதியைத் தாண்டியது. முப்பதைத் தாண்டியது. எழுபது சதவீதம், எண்பத்தைந்து, தொண்ணூற்று மூன்று. விசிறியைக் கும்பிட்டேன். முப்பத்தோராம் தேதி காலை தொண்ணூற்றேழு சதவீதத்தில் பெட்டி மூன்று முறை கூவியது.

அந்த அம்மாள் வந்தார். அவர் நான் எழுதிவைத்த தேதிகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "விசிறி வெச்சதால அஞ்சு நாள் தாங்கித்துன்னு நெனச்சேன். ஆனா ஒன்பதாம் தேதி விழுந்தது, அப்புறம் பதினாலுலதானே விழுந்திருக்கு? அதுவும் அஞ்சு நாள். அப்போ விசிறி கிடையாதே."

கண்ணாடியைக் கழற்றி மார்பில் தொங்கவிட்டார்.

"நீங்க விழுந்த நாள்ல என்ன நடந்ததுன்னே எழுதியிருக்கேள். எனக்கு அது வேண்டாம். விழ வேண்டிய நாள்ல விழாம இருந்துதே, பன்னண்டாம் தேதியும் இருபத்தொன்பதாம் தேதியும். அப்போ இந்த வீட்டுல என்ன நடக்கலை?"

நான் நினைத்துப் பார்த்தேன். மழை இருந்தது. லிஃப்ட் ஓடியது. வண்டிகள் போயின.

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி சுவரிலிருந்த நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "பன்னண்டு ஏகாதசி. இருபத்தெட்டும் ஏகாதசி, மறுநாள் துவாதசி."

"சரி மாமி, அதனால?"

"ஏகாதசிக்கு அரிசி சேர்க்க மாட்டோமே. இட்லி இல்லை, தோசை இல்லை. மாவு அரைக்கறது ரெண்டு நாள் தள்ளிப் போகும். இல்லேன்னா மூணு நாளைக்கு ஒருதரம் அரைச்சாகணும். முலுண்ட்லேர்ந்து பொண்ணு வந்து பாதி மாவைத் தூக்கிண்டு போயிடறாளே."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்தக் கருங்கல் பலகையைப் பார்த்தோம். வீட்டைப் புதுப்பித்தபோது செலவு மிச்சம் என்று நான்தான் ஒரே நீளக் கல்லாகப் போடச் சொன்னேன். சமையலறையில் அது சமையல் மேடை. சுவரில் விட்ட ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் நீண்டு, பாத்திரம் வைக்கும் பலகை. அந்த முனையில் கிரைண்டர். இந்த முனையில் அண்ணா.

இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் தேதி, மணி, மழை எல்லாம் எழுதியிருக்கிறேன். கிரைண்டர் ஓடியதை எழுதவில்லை. அன்றைக்கும் எழுதவில்லை. நாற்பத்தேழு வருஷமாகக் கேட்கும் சத்தம் எனக்குச் சத்தமாகவே படவில்லை.

"அப்போ கிரைண்டரைக் கீழ இறக்கிடலாம், பெட்டியையும் வேற அறைக்கு…" என்று எழுந்தேன்.

"உக்காருங்கோ. ரெண்டையும் தொட வேண்டாம். மாமி அரைக்கறதை மட்டும் நிறுத்தட்டும்."

ஆறு நாள் உப்புமா, சப்பாத்தி, ரவாக் கஞ்சி. முலுண்டிலிருந்து மகள் போன் செய்து, டப்பா காலியாக இருக்கிறதே, அப்பாவுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டாள். "அப்பாவுக்கு இல்லடி, பெட்டிக்கு விரதம்" என்றாள் என் மனைவி. ஐந்தாம் நாள் பிற்பகல் தொண்ணூற்றேழைத் தாண்டியது. தொண்ணூற்றெட்டு. அந்த அம்மாள் மாடி இறங்கி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு இரண்டு விளக்கும் பச்சையாக எரிந்தன. பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் குங்குமத்திலிருந்து எடுத்தோம். பதினொன்றும் வந்தன.

நான் அழுதேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. "மாமி, இப்போ கொஞ்சம் அரிசி ஊறப் போடுங்கோ" என்றார். காலிக் கிரைண்டரை ஓட்டினால் கல் தேய்ந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். அரிசி ஊறும்வரை காத்திருந்து, அரைக்கச் சொல்லி, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது நிமிஷம் குங்குமத்தின் விளக்கு சிவப்பானது. அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது. என் பதினொன்று கிடைத்தபோது மலரவில்லை. பிறகு டெஸ்டர் நுனியால் குங்குமம் சொருகியிருந்த தட்டின் அடிப்பக்கத்தை மெல்லத் தட்டிப் பார்த்து, "இங்க கொஞ்சம் லூஸ். அதிர்ந்தா விட்டுடறது. குங்குமத்து மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார்.

கிரைண்டர் தரையில் ஒரு ரப்பர் மேட்டின்மேல் இறங்கியது. சந்தனத்தை வெளியே எடுத்து அதே ஸ்டேஷன் கடையில் புது டிஸ்க் வாங்கிப் போட்டேன். கடைக்காரர் கதை முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லவேள ஐயா, அன்னைக்கு எங்கிட்ட கொண்டாரல" என்றார். நகல் எடுத்த வெளி டிஸ்க்கை அந்த அம்மாள் தன் வீட்டு பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். இனி இரண்டு வீடு என்றார்.

அடுத்த வருஷக் கடைசியில் அவர்கள் கல்யாணுக்கே குடிபோனார்கள். படியேற முடியவில்லை, அங்கே தரைத்தளம் என்று அவர் கணவர் சொன்னார். என் டிஸ்க்கும் புடவைகளோடு போயிற்று. 2022இல் ஒரு காலை, அந்த அம்மாள் போய்விட்டார் என்று அவர் கணவர் போன் செய்தார். "காலம்பற எழுந்தா, காபி போட்டா. சார், ஒண்ணுமே சொல்லலை. வலிக்கறதுன்னுகூடச் சொல்லலை." அதையே மூன்று முறை சொன்னார்.

எனக்கு மாதுங்கா, செம்பூர் தாண்டிக் கல்யாண்வரை போகத் துணிச்சல் வர நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் ஒருநாள், கணினியில் ஏற்றியபோது காது கொடுக்காமல் விட்ட அந்தப் பதினொன்றையும், முதல் தடவையாக, வரிசையாகக் கேட்டேன். ஆறாவதில் அண்ணா ஒரு பாட்டை முடித்து அடுத்ததை எடுக்கும்போது மைக் கீச்சென்று கத்துகிறது. கூட்டத்தில் சலசலப்பு. யாரோ மைக்கை ஆட்டும் சத்தம். உடனே ஒரு பெண்ணின் குரல், இளவயதுக் குரல், பக்கத்தில் கேட்கிறது: "யாரும் தொடாதேங்கோ. எல்லாத்தையும் பிடுங்காதேங்கோ. அந்த ஒரு வயரை மட்டும்." கீச்சு நிற்கிறது. அண்ணா சிரிக்கிறார். பாட்டு தொடங்குகிறது.

அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு கல்யாணுக்குப் போனேன். அவர் கணவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அவதான்" என்றார். "இன்னொரு தரம் போடுங்கோ." போட்டேன். வெளி டிஸ்க் இன்னும் பீரோவில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

திரும்பும் வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. கடைக்காரர் அன்று கேட்ட முப்பத்து நாலாயிரத்துக்குப் பதில் எனக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். வெளி டிஸ்க், சந்தனத்துக்குப் பதில் வாங்கியது, கிரைண்டருக்கு ரப்பர் மேட், கல்யாண் போய்வர டிக்கெட் எல்லாவற்றையும் குர்லா வருவதற்குள் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். இரண்டு முறையும் ஒரே தொகைதான் வந்தது: பத்தாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.